துணையும் மாற்றும்: இரட்டை எஞ்சின் சிறுவிமானங்களில் துணை எரிபொருள் பம்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பிஸ்டன் எஞ்சின் பொருத்திய இரட்டை எஞ்சின் சிறுவிமானங்களில் ஒவ்வோர் எஞ்சினுக்கும், அவ்வெஞ்சினால் சுழற்றப்படும் எரிபொருள் பம்பு ஒன்றும், மின்சாரத்தால் இயங்கும் துணைப் பம்பு ஒன்றும் அமைந்திருப்பது வழக்கம். முதன்மைப் பம்பு பழுதுறும்போது எஞ்சினைக் காப்பதற்கென வந்த துணைப் பம்பு, 1950களின் இறுதியில் எரிபொருள் உட்செலுத்தும் முறை பரவியபின், பழுதில்லாத எஞ்சினையே நிறுத்தும் ஆற்றலையும் பெற்றது. இம்மாற்றம் நிகழ்ந்த பின்னரும் கருவியின் பெயரும் விசையின் இடமும் மாறவில்லை. இம்முரண் எவ்வாறு உருவாயிற்று, கையேடுகளும் விதிகளும் அதனை எவ்வாறு எதிர்கொண்டன என்பவற்றை அமெரிக்கச் சிறுவிமான வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எரிபொருள் பம்பு, ஆவித்தடை, உட்செலுத்தும் முறை, செஸ்னா 310, பைப்பர் செனெக்கா, விமானத் தகுதி விதிகள்

முன்னுரை

விமான வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் சிறகையும் எஞ்சினையும் விமானியையும் பற்றியே எழுதுகின்றனர். தொட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள சில அடி நீளக் குழாயைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. ஆயினும் அக்குழாயில் பெட்ரோல் தடையின்றி ஓடுவதே எஞ்சின் இயங்குவதற்கு முதல் நிபந்தனையாகும். அவ்வோட்டத்தை உறுதிசெய்யும் கருவிகளுள் துணை எரிபொருள் பம்பு தனித்த வரலாறு உடையது. அது விமானியின் கைக்கு எட்டும் தொலைவில், சாதாரண மின்விசை ஒன்றின் பின்னால் இருக்கிறது. அவ்விசையை எப்போது போடவேண்டும், எப்போது போடக்கூடாது என்பது விமானத்துக்கு விமானம் வேறுபடுகிறது. சில விமானங்களில் மேலெழும்போது அதனைப் போடாமல் இருப்பது தவறு. வேறு சிலவற்றில் போடுவது தவறு. ஒரே பெயருடைய கருவிக்கு இவ்வாறு எதிரெதிரான இரு நடைமுறைகள் தோன்றியதற்கான காரணத்தை அறிய, பம்பே இல்லாத காலத்திலிருந்து தொடங்கவேண்டியுள்ளது.

ஈர்ப்பு விசையிலிருந்து கைப்பம்பு வரை

1903 டிசம்பர் 17இல் பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்தில் எரிபொருள் பம்பு கிடையாது. மேற்சிறகுக்கு அருகே ஒரு தாங்குகம்பில் கட்டப்பட்ட சிறு தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே எஞ்சினுக்கு இறங்கியது. வீட்டு மாடியில் வைத்த தண்ணீர்த் தொட்டியின் இயல்பே இதற்கும். சிறகு மேலேயும் எஞ்சின் கீழேயும் இருக்கும் விமானங்களுக்கு இம்முறை இன்றும் போதுமானது. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஜே.ஆர்.டி. டாட்டாவும், அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்சென்ட்டும் அஞ்சல் மூட்டைகளைக் கொண்டுவந்த புஸ் மாத் விமானமும் சிறகு மேலே அமைந்த வகையைச் சேர்ந்ததே. செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானங்களின் கார்புரேட்டர் மாதிரிகள் இதே முறையில் பல்லாயிரக்கணக்கில் பறந்துள்ளன.

ஈர்ப்பு முறையின் சிறப்பு, பழுதடைவதற்கு அதில் எதுவும் இல்லாமையே. அதன் குறை, அது தரும் அழுத்தம் மிகச் சிறிது என்பதாகும். ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் விமானப் பெட்ரோல், சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய ஒரு பவுண்டு அழுத்தத்தையே தருகிறது. மிதவை வகைக் கார்புரேட்டருக்கு அரைப் பவுண்டு இருந்தாலே போதும் என்பதால் அங்கே ஈர்ப்பு விசை செல்லுபடியாகிறது. தொட்டி எஞ்சினைவிடத் தாழ்ந்து அமைந்தாலும், எஞ்சின் மிகுந்த அழுத்தத்தை வேண்டினாலும் அம்முறை பயன்படாது.

முதல் உலகப் போர்க் காலப் போர்விமானங்களில் தொட்டியை உடலின் தாழ்வான பகுதியில் வைக்கவேண்டிய தேவை எழுந்தது. தொட்டிக்குள் காற்றை அடைத்து, அக்காற்றழுத்தத்தால் பெட்ரோலை மேலே தள்ளும் முறை அப்போது கையாளப்பட்டது. சாப்வித் கேமல் விமானத்தில் ராதர்ஹாம் பம்பு எனப்பட்ட சிறு காற்றுப் பம்பு தாங்குகம்பில் பொருத்தப்பட்டிருந்தது. விமானம் பறக்கும் வேகத்தில் எதிர்க்காற்றால் சுழலும் சிறுவிசிறி அதனை இயக்கிற்று. தரையில் நிற்கும்போது எதிர்க்காற்று இல்லையாதலால் விமானி கைப்பம்பால் அழுத்தம் ஏற்றவேண்டும். அழுத்தம் குறைந்தால், ஈர்ப்பு முறையில் இயங்கும் சிறிய இரண்டாம் தொட்டிக்கு மாறிக்கொள்ளலாம். முதன்மை வழி ஒன்று, அது தவறினால் வேறு வழி ஒன்று என்னும் எண்ணம் இங்கே தெளிவாகவே உருப்பெற்றுவிட்டது. இரண்டாவது வழி முதல் வழியைச் சாராத வேறொரு விசையால் இயங்கியது என்பது குறிப்பாக நோக்கத்தக்கது. காற்று விசிறி நின்றாலும் புவியீர்ப்பு நிற்பதில்லை.

1920களிலும் 1930களிலும் எஞ்சினே சுழற்றும் எரிபொருள் பம்பு பரவலாயிற்று. எஞ்சின் ஓடும்வரை பம்பும் ஓடும் என்பது அதன் வலிமை. எஞ்சின் ஓடத் தொடங்காதவரை பம்பும் ஓடாது என்பது அதன் இயல்பான குறை. இக்குறையை நீக்க, நெம்புகோலை முன்னும் பின்னும் அசைத்து இயக்கும் கைப்பம்பு விமானி அறையில் அமைக்கப்பட்டது. 1937இல் முதன்முதலாகப் பறந்த பீச்கிராஃப்ட் 18 என்னும் இரட்டை எஞ்சின் விமானத்தின் தொடக்கக்கால மாதிரிகளில் இத்தகைய கைப்பம்பு இருந்தது. எஞ்சினை ஓட்டத் தொடங்கும்போதும், பறக்கையில் எரிபொருள் அழுத்தம் வீழ்ந்தபோதும் அதுவே கைகொடுத்தது. பின்னாளில் மின்பம்பு ஏற்ற கடமைகள் அனைத்தும் இக்கைப்பம்புக்கு உரியவையாகவே இருந்தன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கைப்பம்பை அசைப்பவர் கைவலி காரணமாகவேனும் தேவைக்குமேல் அசைக்கமாட்டார். மின்விசை அவ்வாறு தன்னை நினைவூட்டுவதில்லை.

இழுத்தலும் தள்ளுதலும்

மின்பம்பு வந்ததற்குக் கைவலி மட்டும் காரணமன்று. ஆவித்தடை என்னும் இயற்பியல் சிக்கலே வலுவான காரணமாகும். கிணற்றுமேட்டில் மோட்டார் வைத்து நீரிறைத்த உழவர் எவரும் இதன் அடிப்படையை அறிவர். மேலே இருக்கும் பம்பு நீரை இழுக்கிறது. இழுக்கும் குழாயில் காற்றுப் புகுந்தால் பம்பு சுழன்றும் நீர் வராது. கிணற்றின் ஆழம் கூடியபோது உழவர்கள் நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறினர். அது இழுப்பதில்லை, தள்ளுகிறது. பெட்ரோலில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது. பெட்ரோலுக்கு வெளிக்காற்றுப் புகவேண்டிய தேவையே இல்லை. இழுப்பால் அழுத்தம் குறைந்ததும் அது தானே கொதித்துக் குமிழாகிறது.

விமானப் பெட்ரோலின் ஆவியழுத்தம் 38 பாகை செல்சியசில் 38 முதல் 49 கிலோபாஸ்கல் வரை இருக்கவேண்டும் என்பது அமெரிக்கத் தர வரையறை. கடல்மட்டக் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். 18,000 அடி உயரத்தில் அது ஏறத்தாழ அதன் பாதி. வெயிலில் நின்று சூடேறிய பெட்ரோலோடு விரைவாக உயரம் ஏறும் விமானத்தில், தொட்டியிலுள்ள எரிபொருள் கொதிநிலையை நெருங்கிவிடுகிறது என்பது இக்கணக்கால் புலனாகும். உதகமண்டலத்தில் சோறு வேகத் தாமதமாவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. எஞ்சின் பம்பு தொட்டியிலிருந்து நெடுந்தொலைவில் நின்று இழுக்கும்போது, வளைவுகளிலும் சூடான இடங்களிலும் குமிழ் தோன்றிப் பம்பின் வாயை அடைக்கும். இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் மேன்மேலும் உயரத்தில் பறந்தபோது, தொட்டியிலேயே மின்பம்பை வைத்து எரிபொருளைத் தள்ளிவிடும் முறை பரவலானதற்கு இதுவே அடிப்படை. அப்பம்பு ஆங்கிலத்தில் 'பூஸ்டர்' எனப்பட்டது. முதன்மைப் பம்பு இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதனுடன் சேர்ந்து இயங்குவதே அதன் பணி என்பதை அப்பெயர் உணர்த்துகிறது.

1950களின் இரட்டை எஞ்சின் விமானங்கள்

போருக்குப்பின் அமெரிக்க வணிகர்களுக்கும் தனியாருக்கும் உரிய சிறிய இரட்டை எஞ்சின் விமானங்கள் தோன்றின. ஏரோ கமாண்டரின் முன்மாதிரி 1948இலும், பீச்கிராஃப்ட் ட்வின் பொனான்சா 1949இலும் பறந்தன. 1954இல் பைப்பர் அப்பாச்சியும் செஸ்னா 310உம் விற்பனைக்கு வந்தன. இவ்விரண்டும் தாழ்சிறகு விமானங்கள். தொட்டிகள் சிறகில், எஞ்சின்களுக்குச் சமமாகவோ தாழ்வாகவோ அமைந்தமையால் ஈர்ப்பு விசையை நம்ப வழியில்லை. எனவே எஞ்சினுக்கு இரண்டு பம்புகள் என்னும் அமைப்பு இவ்வகை விமானங்களின் இலக்கணம் ஆயிற்று.

150 குதிரைத்திறன் லைகோமிங் ஓ-320 எஞ்சின்களைக் கொண்ட அப்பாச்சியில் துணைப் பம்பின் நடைமுறை எளிது. எஞ்சினை ஓட்டுமுன் மின்பம்பைப் போட்டு அழுத்தம் எழுகிறதா எனக் காண்பர். எஞ்சின் ஓடியபின் அதனை நிறுத்தி, எஞ்சின் பம்பு தனியாகவே அழுத்தம் தருகிறதா எனச் சோதிப்பர். மேலெழுமுன் மீண்டும் போடுவர். போதிய உயரம் அடைந்ததும் ஒவ்வொன்றாக, அழுத்தமானியைப் பார்த்தவாறே நிறுத்துவர். இரண்டையும் ஒருசேர நிறுத்தக்கூடாது. இரண்டு எஞ்சின் பம்புகளும் வழியில் பழுதுற்றிருக்கும் அரிய நிலையில், இரண்டு எஞ்சின்களும் ஒரே நொடியில் நின்றுவிடும்.

மேலெழுந்தபின் ஏன் நிறுத்தவேண்டும், ஓடிக்கொண்டே இருந்தால் என்ன என்னும் வினா இயல்பாக எழும். துணைப் பம்பு இடைவிடாது ஓடினால் முதன்மைப் பம்பின் பழுது மறைந்துவிடும். இரண்டு பம்புகளோடு பறப்பதாக எண்ணும் விமானி உண்மையில் ஒன்றோடு பறந்துகொண்டிருப்பார். அமெரிக்க விமானத் தகுதி விதிகள் இதனைக் கருத்தில் கொண்டே, இரு பம்புகளும் தொடர்ந்து இயங்கும் அமைப்பாயின் எது பழுதுற்றாலும் விமானிக்குத் தெரிவிக்கும் வழி இருக்கவேண்டும் எனக் கூறின.

கார்புரேட்டர் எஞ்சினில் இத்தனை முறை பம்பைப் போட்டு நிறுத்தினாலும் எஞ்சினின் கலவை மாறுவதில்லை. மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்பியதும் ஊசி வால்வு வழியை மூடிக்கொள்கிறது. பின்னால் ஒரு பம்பு தள்ளுகிறதா, இரண்டு தள்ளுகின்றனவா என்பதை எஞ்சின் அறியாது. ஒரு தலைமுறை விமானிகள் துணைப் பம்பைத் தீங்கற்ற கருவி எனக் கற்றது இவ்வமைப்பில்தான்.

இரட்டை எஞ்சின் என்பதற்காக அனைத்தும் இரட்டையாக இருந்தன என்று கொள்ளலாகாது. அப்பாச்சியின் சக்கரங்களையும் மடிப்புகளையும் இயக்கும் திரவப் பம்பு இடப்புற எஞ்சினில் மட்டுமே இருந்தது. மேலும் 6,000 பவுண்டுக்கு மிகாத எடையும் 61 நாட்டுக்கு மிகாத தாழ்வேகமும் உடைய இரட்டை எஞ்சின் விமானங்கள், ஓர் எஞ்சின் நின்றபின் ஏறியே ஆகவேண்டும் என்னும் கட்டாயத்தை விதிகள் நெடுங்காலம் விதிக்கவில்லை. ஓர் எஞ்சினை இழந்தால் போவது பாதித் திறன் என்று தோன்றும். ஏறும் திறனிலோ எண்பது விழுக்காட்டுக்கும் மேல் போய்விடுவதுண்டு. ஆகவே மேலெழும் நொடிகளில் ஒரு பம்பின் நிலை அற்பச் செய்தியன்று.

உட்செலுத்தும் முறையும் இரு மரபுகளும்

1950களின் இறுதியில் கார்புரேட்டருக்கு மாற்றாக, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே எரிபொருளைச் செலுத்தும் முறை சிறுவிமானங்களுக்கு வந்தது. 1959ஆம் ஆண்டு மாதிரியான செஸ்னா 310சி, 260 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் ஐஓ-470-டி எஞ்சின்களைப் பெற்றது. 1963இல் வந்த பைப்பர் ட்வின் கமாஞ்சி, 160 குதிரைத்திறன் லைகோமிங் ஐஓ-320 எஞ்சின்களைக் கொண்டிருந்தது. இரண்டும் உட்செலுத்தும் எஞ்சின்களே. ஆயினும் இரண்டு நிறுவனங்களும் எரிபொருளை அளந்த முறை வேறு வேறு. துணைப் பம்பின் வரலாற்றில் பெரும் பிரிவு இங்கேதான் நிகழ்கிறது.

லைகோமிங் எஞ்சின்கள் பயன்படுத்திய பெண்டிக்ஸ் அமைப்பு, எஞ்சினுக்குள் செல்லும் காற்றை அளந்து அதற்கேற்ப எரிபொருளை விடுகிறது. பம்பிலிருந்து வரும் அழுத்தம் சதுர அங்குலத்திற்குச் சுமார் 14 பவுண்டிலிருந்து 45 பவுண்டு வரை எந்த அளவில் இருந்தாலும் கலவை மாறாதவாறு அவ்வமைப்பே சரிசெய்துகொள்கிறது. கார்புரேட்டரின் மிதவை ஊசி செய்த காவற்பணியை இங்கே ஓர் ஒழுங்கியக்கி செய்கிறது எனலாம். ஆகவே பழைய நடைமுறை சிதையாமல் தொடர்ந்தது: மேலெழும்போது பம்பைப் போடு, இறங்கும்போது பம்பைப் போடு.

கான்டினென்டல் அமைப்பு காற்றை அளப்பதில்லை. எஞ்சின் பம்பின் அழுத்தம் எஞ்சினின் சுழல்வேகத்தோடு சேர்ந்து கூடவும் குறையவும் செய்கிறது. அவ்வழுத்தமும் த்ராட்டிலோடு இணைந்த அளவை வால்வின் திறப்பும் சேர்ந்தே எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கின்றன. இங்கே பம்பு எரிபொருளைக் கொண்டுவரும் கருவி மட்டுமன்று, அளவுகோலும் அதுவே. அளவுகோலின் பின்னால் இன்னொரு பம்பு தள்ளினால் அளவு தவறுகிறது, கலவை செறிகிறது. வலுவாகத் தள்ளினால் எஞ்சின் பெட்ரோலில் மூழ்கி நின்றுவிடும். எஞ்சின் பம்பு உண்மையிலேயே பழுதுற்றபோது, அதன் உள்ளே அமைந்த புறவழி வால்வின் மூலம் துணைப் பம்பின் எரிபொருள் கடந்து செல்கிறது. அப்போது அவ்வலுவான அழுத்தம் தேவையாகிறது. பழுதில்லாதபோது அதே அழுத்தம் கேடாகிறது.

இதனால் கான்டினென்டல் எஞ்சின் பொருத்திய இரட்டை எஞ்சின் விமானங்கள் பலவற்றின் துணைப் பம்பு விசை மூன்று நிலைகளைப் பெற்றது. 'லோ' என்னும் தாழ்நிலை ஆவிக்குமிழ்களை அடக்குவதற்கு, 'ஹை' என்னும் உயர்நிலை எஞ்சின் பம்பு பழுதுற்றால் மட்டும், இவற்றோடு நிறுத்தநிலை. ஒரு விசையின் இரண்டு நிலைகளுக்கு இடையிலுள்ள விரலளவுத் தொலைவே மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள தொலைவாக ஆயிற்று.

ஒரே பெயரில் இரு விமானங்கள்: பைப்பர் செனெக்கா

இப்பிரிவை மிகத் தெளிவாகக் காட்டும் சான்று பைப்பர் செனெக்கா. 1972ஆம் ஆண்டு மாதிரியாக வந்த முதல் செனெக்கா, பிஏ-34-200, எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு 200 குதிரைத்திறன் லைகோமிங் ஐஓ-360 எஞ்சின்களைக் கொண்டிருந்தது. அதில் மின்பம்பு மேலெழும்போதும் இறங்கும்போதும் போடப்படவேண்டியது. 1975இல் வந்த செனெக்கா இரண்டு, டர்போ பூட்டிய கான்டினென்டல் டிஎஸ்ஐஓ-360 எஞ்சின்களுக்கு மாறியது. உயரத்தில் திறன் குறையாமல் பறக்கவேண்டும் என்னும் வணிகத் தேவையே மாற்றத்துக்குக் காரணம். உடல், சிறகு, இருக்கை, பெயர் ஆகியவற்றால் இரண்டும் நெருங்கிய உறவினர். துணைப் பம்பைப் பொறுத்தமட்டில் இரண்டும் எதிரெதிர் மரபினர்.

செனெக்கா இரண்டின் கையேடு இதனை ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. ஆவியை அடக்கத் தாழ்நிலையும், எஞ்சின் பம்பு பழுதுற்றால் உயர்நிலையும் தவிர வேறு எதற்காகவும் துணைப் பம்பைப் போடவேண்டாம் என்பதும், பம்புகள் காத்திருப்புப் பணிக்கு உரியன அல்ல என்பதும், எஞ்சின் செவ்வனே இயங்குகையில் உயர்நிலையைப் போட்டால் எஞ்சின் தடுமாறவோ திறனிழக்கவோ கூடும் என்பதும் அதன் எச்சரிக்கையின் சாரம். உயர்நிலையிலும் த்ராட்டிலைக் குறைத்தால் பம்பின் அழுத்தம் தானே தணியுமாறு ஓர் அமைப்பும் செய்யப்பட்டது. எச்சரிக்கை அச்சிட்டதோடு நில்லாமல், கருவியையும் சற்றே பணியவைத்த வடிவமைப்பாளரின் முயற்சி பாராட்டத்தக்கது.

முதல் செனெக்காவில் நூற்றுக்கணக்கான மணிநேரம் பறந்து, பம்பைப் போடுவதைக் கையின் பழக்கமாக்கிக்கொண்ட விமானி இரண்டாம் செனெக்காவில் அமர்ந்தால் என்ன நிகழும் என்பதை ஊகிக்க நுண்ணறிவு தேவையில்லை. நல்ல பழக்கம் என்று பாராட்டப்பட்டதே அங்கே பிழையாகிறது.

பெயரின் சிக்கல்

ஆங்கிலக் கையேடுகளில் இக்கருவி 'ஆக்சிலரி', 'பூஸ்ட்', 'எமர்ஜென்சி', 'எலக்ட்ரிக்' என்னும் அடைகளோடு பலவாறு வழங்கப்பட்டது. விதிகள் 'எமர்ஜென்சி' என்றன. உற்பத்தியாளர் பெரும்பாலும் 'ஆக்சிலரி' என்றனர். விமானிகள் பேச்சில் 'பூஸ்ட்' என்றே சொல்லிவந்தனர். மூன்றும் மூன்று பணிகளைச் சுட்டுகின்றன. அடிப்பது, உதவுவது, ஆபத்தில் காப்பது என்று பணி பிரிந்தபின்னும் சொற்கள் ஒன்றுக்கு ஒன்று பதிலாகவே புழங்கின.

தமிழில் இவ்வேறுபாட்டைச் சொல்லுதல் எளிது. துணை என்பது உடன் வருவது. மாற்று என்பது ஒன்று போனபின் அதன் இடத்துக்கு வருவது. வழித்துணையாக வருபவர் நம்மோடு நடக்கிறார். மாற்றாள் வருவது நாம் விலகிய பிறகு. லைகோமிங் மரபின் மின்பம்பு துணைப் பம்பு. கான்டினென்டல் மரபின் உயர்நிலைப் பம்பு மாற்றுப் பம்பு; தாழ்நிலையில் மட்டும் அது துணை. தமிழில் விமானவியல் எழுதுவோர் இரண்டையும் 'துணை எரிபொருள் பம்பு' என்றே மொழிபெயர்த்தால் ஆங்கிலத்தின் குழப்பம் அப்படியே தமிழுக்கும் வந்துசேரும். வழக்கிலுள்ள பெயர் என்பதால் இக்கட்டுரையின் தலைப்பும் அதனையே கொண்டுள்ளது.

செஸ்னா 310: தொட்டியும் பம்பும்

'ஆக்சிலரி' என்னும் சொல் செஸ்னா 310இல் இன்னொரு சிக்கலையும் தோற்றுவித்தது. இவ்விமானத்தின் முதன்மைத் தொட்டிகள் சிறகின் நுனிகளில் உள்ளன. துணைத் தொட்டிகளே சிறகுக்குள் உள்ளன. பார்ப்பவர் மாற்றியே எண்ணுவர். கான்டினென்டல் எஞ்சின் பம்பு எஞ்சினுக்கு வேண்டியதைவிட மிகுதியாக இழுத்து, ஆவியோடு கலந்த மிகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அம்மிகுதி எந்தத் தொட்டியிலிருந்து வந்ததாயினும் முதன்மைத் தொட்டிக்கே போய்ச் சேர்கிறது. ஆகையால் பறந்த தொடக்கத்திலேயே துணைத் தொட்டிக்கு மாறினால், நிரம்பியிருக்கும் நுனித்தொட்டி திரும்பிவரும் எரிபொருளை ஏற்க இடமின்றிக் காற்றுக்குழாய் வழியே வெளியே கொட்டிவிடும். முதலில் நுனித்தொட்டியைச் சிறிது நேரம் பயன்படுத்தி இடம் உண்டாக்கியபின் மாறவேண்டும் என்பது அதன் நடைமுறை.

துணைப் பம்பு முதன்மைத் தொட்டியில் அமைந்துள்ளது. 'துணைத் தொட்டி' என்றும் 'துணைப் பம்பு' என்றும் பெயர்கள் ஒத்திருப்பினும் ஒன்றுக்கு ஒன்று தொடர்பில்லை. எஞ்சின் பம்பு பழுதுற்றால் துணைத் தொட்டியிலுள்ள எரிபொருளை அவ்வெஞ்சினுக்குக் கொண்டுவர வழியில்லை. தொட்டியில் பெட்ரோல் இருக்கும், அளவுமானி காட்டும், எஞ்சினுக்குக் கிட்டாது. நெடும்பயணத்தில் எரிபொருள் கணக்குப் போடும் விமானிக்கு இது வாழ்வா சாவா என்னும் செய்தி.

310 வரிசையின் பிற்கால மாதிரிகளில் விசையின் ஒரு நிலை தானியக்கமாக அமைந்தது. எஞ்சின் பம்பு இயங்கும்வரை துணைப் பம்பு தாழ்ந்த அழுத்தத்தில் ஓடும். எஞ்சின் பம்பின் அழுத்தம் வீழ்ந்தால் தானே உயர்நிலைக்கு மாறும். மேலெழும் நொடியில் விமானியின் கை வேறெங்கோ இருக்கும் என்பதை உணர்ந்து செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் தானியக்கத்துக்குத் தெரிவது அழுத்தம் ஒன்றே. அழுத்தம் உண்மையில் வீழ்ந்ததா, அழுத்தத்தை உணரும் சிறுவிசை பழுதுற்றதா என்பதை அது பிரித்தறியாது. பின்னதாயின் நன்றாக ஓடும் எஞ்சினுக்கு உயர் அழுத்தம் போய்ச்சேரும். மனிதப் பிழையைத் தவிர்க்க வந்த கருவி, அதே பிழையை மனிதனின்றியே செய்யும் வாய்ப்பையும் உடன் கொண்டுவந்தது.

மனப்பாடமும் கையேடும்

இரட்டை எஞ்சின் பயிற்சியில், ஓர் எஞ்சின் நின்றதும் செய்யவேண்டியவை மனப்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. கலவை, சுழல்விசிறி, த்ராட்டில் ஆகிய நெம்புகோல்களை முன்னே தள்ளுதல், பம்புகளைப் போடுதல், நின்ற எஞ்சின் எது எனக் கண்டு உறுதிசெய்தல், அதன் விசிறி அலகுகளைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்புதல் என அவ்வரிசை அமையும். 'பம்புகளைப் போடு' என்னும் சொல் லைகோமிங் விமானத்தில் சரி. உயர்நிலை விசையுள்ள விமானத்தில் அச்சொல்லை அப்படியே கைக்கொண்டால், நின்ற எஞ்சின் எது எனக் காண்பதற்கு முன்னரே ஓடும் எஞ்சினுக்கும் ஊறு நேரும். இரண்டாவது எஞ்சின் இருப்பதன் பயனே அங்குப் பறிபோகிறது. தீப்பற்றிய எஞ்சினின் பக்கமோ, பம்பு நின்றிருக்கவேண்டும். இல்லையேல் அது தீக்கு எண்ணெய் வார்க்கும். இங்கே இது உவமையன்று.

1975இல் அமெரிக்கப் பொது விமான உற்பத்தியாளர் சங்கம் விமானிக் கையேட்டுக்கு ஒரு பொது வடிவம் வகுத்தது. அதற்குமுன் வந்த உரிமையாளர் கையேடுகள் பல, மெலிந்தனவும் விற்பனை மணம் கமழ்வனவுமாக இருந்தன. புதிய வடிவில் அவசர நடைமுறைகளுக்குத் தனி இயலும், ஒவ்வோர் அமைப்பும் எவ்வாறு இயங்குகிறது என்பதற்குத் தனி இயலும் உண்டு. பம்பை எப்போது போடவேண்டும் என்பதோடு, ஏன் என்பதையும் ஒரே நூலில் தேடிக்காண இதனால் வழி ஏற்பட்டது.

விதிகளின் போக்கு

1945இல் நடைமுறைக்கு வந்த உள்நாட்டு வான்போக்குவரத்து விதிகளின் மூன்றாம் பகுதியும், அதன் இடத்தில் 1965இல் வந்த கூட்டாட்சி விதிகளின் இருபத்து மூன்றாம் பகுதியும் அமெரிக்கச் சிறுவிமானங்களின் தகுதியை வரையறுத்தன. இருபத்து மூன்றாம் பகுதி, ஈர்ப்பு முறையில் எரிபொருள் ஓட்டம் மேலெழும்போது எஞ்சின் எரிக்கும் அளவில் 150 விழுக்காடும், பம்பு முறையில் 125 விழுக்காடும் இருக்கவேண்டும் என்றது. முதன்மைப் பம்பு தவறினால் உடனே இயங்கத்தக்க அவசரப் பம்பு வேண்டும், அதற்குரிய விசையாற்றல் முதன்மைப் பம்பைச் சாராததாக இருக்கவேண்டும் என்றும் கூறியது. கேமல் விமானத்தின் ஈர்ப்புத் தொட்டி உணர்த்திய அதே கருத்து இங்கே சட்டச் சொல்லாக மாறியுள்ளது.

துணைப் பம்பைப் பற்றிய விதியில் இன்னொரு கூறும் இடம்பெற்றது. எஞ்சின் எந்தத் திறனில் இயங்கினாலும், மற்றப் பம்புகள் எந்நிலையில் இருந்தாலும், எந்தப் பம்பை இயக்குவதும் எஞ்சினுக்கு இடர் விளைவிக்கக்கூடாது என்பது அதன் கருத்து. பம்பு இல்லாமையால் வரும் கேட்டை மட்டும் எண்ணியிருந்த விதி, பம்பு இருப்பதால் வரும் கேட்டையும் ஏற்றுக்கொண்ட இடம் இதுவாகும்.

விசையாற்றல் சாராமை என்னும் கோட்பாடு பிற்காலத்தில் வேறொரு வடிவில் சோதிக்கப்பட்டது. 2002இல் முதன்முதலாகப் பறந்த டைமண்ட் டிஏ42, டீசல் எஞ்சின்களையும் மின்னணுக் கட்டுப்பாட்டையும் கொண்டது. 2007 மார்ச் 4 அன்று ஜெர்மனியின் ஷ்பையர் நகரில், மின்கலம் வலுவிழந்திருந்த டிஏ42 ஒன்று வெளிமின்சாரத்தால் ஓட்டப்பட்டு மேலெழுந்தது. சக்கரங்களை மடக்கியபோது மின்னழுத்தம் வீழ்ந்து, இரு எஞ்சின்களின் கட்டுப்பாட்டுக் கணினிகளும் ஒருசேரத் தடைப்பட, இரண்டும் நின்றன. எஞ்சின்கள் இரண்டு, அவற்றின் பின்னிருந்த மின்வழியோ அந்நொடியில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

2017 ஆகஸ்ட் 30 முதல் இருபத்து மூன்றாம் பகுதி முற்றிலும் திருத்தியமைக்கப்பட்டது. விழுக்காடுகளும் தனித்தனிக் கருவிகளுக்கான கட்டளைகளும் விதியிலிருந்து நீங்கி, அடையவேண்டிய பயன் மட்டும் கூறப்பட்டது; வழிமுறைகள் ஏற்கப்பட்ட தொழில்தரங்களுக்கு விடப்பட்டன. எனினும் ஒரு விமானம் தகுதிச் சான்று பெற்றபோது நடப்பிலிருந்த விதியே பொதுவாக அதன் ஆயுள் முழுவதும் அதற்கு உரிய விதியாகும். 1945ஆம் ஆண்டு விதிகளின்படி சான்று பெற்ற செஸ்னா 310உம், 1965ஆம் ஆண்டு விதிகளின்படி சான்று பெற்ற செனெக்காவும், 2017க்குப்பின் வந்தவையும் ஒரே விமான நிலையத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை ஒவ்வொன்றிலும் துணைப் பம்பின் விசை உண்டு. அதை எப்போது தொடலாம் என்பதற்கான விடை அந்தந்த விமானத்தின் கையேட்டில் இருக்கிறது.